பெயர் எழுதிய சாக்குகள்

றாஸிக்கின் கையில் ஒரு மீன் செதில் ஒட்டினால் மூன்று தரம் சவர்க்காரம் போட்டாக வேண்டும். கோப்பை விளிம்பில் நேற்றைய பருப்புக் காய்ந்திருக்கக் கண்டால் அந்த நேரத்துச் சாப்பாடு அவ்வளவுதான். கலியாணமான புதிதில், அவன் மனைவி றஸ்னா கோழி கழுவிய கையோடு தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள் என்பதற்காக இரண்டு நாள் அவள் ஊற்றிய தேத்தண்ணியை அவன் தொடவில்லை. நாற்பத்தேழு வயதாகியும் குணம் மாறவில்லை. கல்முனைப் பக்கம் முழுக்கத் தேடினாலும் இப்படியொரு அருவருப்புக்காரனைக் காணமுடியாது.

அப்படிப்பட்டவனுக்குப் போய் வாய்த்தது வட்டவிதானை வேலை. நாவற்கண்டத்தின் நூற்றெண்பது ஏக்கர் வயலுக்கும் வாய்க்கால் தண்ணீரை முறைவைத்துப் பங்கிட்டுக் கொடுக்கிற வேலை அது. போகத்தின் ஆரம்பக் கூட்டத்தில் விவசாயிகள் கையை உயர்த்தி ஆளைத் தெரிவு செய்வார்கள். மரியாதையான பதவி என்று சொல்வார்கள். அந்த மரியாதை கூட்டம் கலையும்வரைதான். பிறகு தண்ணீர் பிந்தினால் ஏச்சு, பக்கத்து வரவை வயலுக்கு முந்தினால் அதற்கும் ஏச்சு.

அவன் இந்தப் பதவிக்கு வந்த கதையே நாற்றக் கதை. எட்டு வருடத்துக்கு முன்னர் வாய்க்காலில் ஒரு நாய் செத்து ஊதிக் கிடந்தது. ஐந்து நாள் கிடந்தது. வருகிறவன் எல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு, அந்த நாயைச் சுற்றி வந்த தண்ணீரையே தன் வயலுக்குத் திருப்பிவிட்டுப் போனான். ஆறாம் நாள் றாஸிக் பொறுக்கமாட்டாமல் கயிறு போட்டு இழுத்துப் புதைத்தான். இரண்டு நாள் சத்தியெடுத்தான். அந்தப் போகத்துக் கூட்டத்தில் யாரோ பகிடியாக, "நாய் இழுத்த ஆளையே போடுங்களன்" என்று சொல்ல, எல்லாரும் சிரித்துக்கொண்டே கையை உயர்த்தினார்கள். தலைவர்கள் எத்தனையோ விதமாக உண்டாகிறார்கள். றாஸிக் ஒரு செத்த நாயால் உண்டானவன்.

ஆனால் பதவிக்கு வந்தபின் அவன் ஒரு பழக்கத்தை விடாமல் வைத்திருந்தான். விடியக்காலைச் சுபஹு தொழுதுவிட்டு மோட்டார் சைக்கிளில் நேரே வாய்க்காலின் கடைசிக்குப் போவான். அங்கிருந்து தலைப்பக்கம் நோக்கி நடந்து வருவான். அவனுக்கு முன் இருந்தவர்கள் எல்லாரும் தலையிலிருந்து தொடங்கி, பாதியில் தேத்தண்ணிக் கடையில் முடித்தவர்கள். கடைசிக் காணிக்குத் தண்ணீர் எட்டிய பிறகுதான் முதல் காணிக்காரன் வாயைத் திறக்கலாம் என்பது றாஸிக்கின் சட்டம். அவனுடைய மூன்று ஏக்கர் தலைப்பக்கத்தில் கிடந்ததால் அந்தச் சட்டத்தின் முதல் நட்டம் அவனுக்குத்தான். அதனால்தான் மற்றவர்களும் முணுமுணுப்போடு நிறுத்திக்கொண்டார்கள்.

கடைசிக் காணி, பக்கத்துத் தமிழ் ஊரான சொறிக்கல்முனையில் இருக்கிற அன்னப்பிள்ளையுடையது. இரண்டு ஏக்கர். புருசன் இல்லை. மகள் வெளிநாட்டில். அறுபது வயதிலும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிற மனுசி. றாஸிக்கை "மனே" என்று கூப்பிடுவாள். "நீ வந்த பிறகுதான் மனே எனக்கு மழையில்லாத போகத்திலயும் நெல்லு விளையிது" என்று ஒருமுறை சொன்னாள். அந்த ஒரு சொல்லுக்காக அவன் எட்டு வருடம் ஏச்சு வாங்கியிருக்கிறான்.

போன சிறுபோகத்தில், ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் கொஞ்ச நாள் முன்னர், விவசாய அமைப்புகளின் தலைவர்களுக்கும் வட்டவிதானைமாருக்கும் ஒரு பயிற்சிச் செயலமர்வு வைத்தார்கள். அடுத்தடுத்து இரண்டு ஞாயிற்றுக்கிழமை. தலைப்பு, தனிநபர் தலைமைத்துவப் பழக்கங்களும் தொழிலில் நேர்மனப்பாங்கும். வெயிலில் கறுத்த முப்பது பேரைக் குளிரூட்டிய மண்டபத்தில் இருத்தி, கோட்டுப் போட்ட இளம் வளவாளர் ஒருவர் கைதட்டச் சொன்னார். எழும்பச் சொன்னார். பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்து "நீங்கள் ஒரு வெற்றியாளர்" என்று சொல்லச் சொன்னார். றாஸிக்கின் பக்கத்தில் இருந்தவர் மூக்குத்தூள் போடுகிறவர். அந்தக் கையைப் பிடித்ததிலேயே றாஸிக்குக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"பிரச்சினை எண்ட சொல்ல இண்டையோட மறந்திருங்க" என்றார் வளவாளர். "வாய்ப்பு எண்டு சொல்லிப் பழகுங்க. மனசு மாறும்."

விவசாய அமைப்பின் தலைவர் ஆதம்பாவா ஹாஜியார் முன்வரிசையில் இருந்து அதைக் கொப்பியில் எழுதினார். றாஸிக் எழுதவில்லை. செத்த நாயை எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் அது நாறத்தான் செய்யும் என்று அவன் மனதுக்குள் சொல்லிக்கொண்டான்.

அந்தப் புதன்கிழமை பெருநாள். றாஸிக்கும் இன்னும் ஆறு பேரும் சேர்ந்து ஒரு மாட்டைப் பெருநாள் பலியான உழ்ஹிய்யாவாகக் கொடுத்தார்கள். அதுதான் வழமை, ஒரு மாட்டுக்கு ஏழு பேர். அறுத்து, உரித்து, தராசில் நிறுத்து, ஏழைக்கு, சொந்தத்துக்கு, வீட்டுக்கு என்று பங்கு பிரித்தார்கள். ஒரு துண்டு கூடக் குறைய இல்லை. அவ்வளவு நீதி. எல்லாம் முடிந்து பார்த்தால் றாஸிக்கின் வீட்டு வளவின் மூலையில் குடலும் சாணியும் இரத்தக்கட்டியும் குவிந்து கிடந்தன. இறைச்சிக்கு ஏழு பங்காளி. குடலுக்கு ஒருவனும் இல்லை.

வெயில் ஏற ஏற நாற்றம் கிளம்பியது. றாஸிக்குக்குக் குமட்டியது. றஸ்னாவின் தம்பி சாஜித் ஆட்டோ ஓட்டுகிறவன். அவனைக் கூப்பிட்டு, மூக்கைப் பொத்தியபடியே, "இதெக் கண்காணாத இடத்துல போட்டுட்டு வா மச்சான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான் றாஸிக். எந்த இடம் என்று கேட்கவில்லை. கேட்கத் தோன்றவுமில்லை. கண்காணாவிட்டால் சரி.

வியாழன் காலை அன்னப்பிள்ளையின் அழைப்பு வந்தது.

"மனே, தண்ணி ராவோட நிண்டுட்டு. கதிர் தள்ளிற நேரம். வெள்ளியோட நம்மட முறை முடியிது. என்ன செய்யிற?"

"இண்டைக்குப் பின்னேரத்துக்குள்ள தண்ணி வரும் அக்கா. நான் பொறுப்பு."

கதிர் வெளிவரும் நேரத்தில் வயல் காய்ந்தால் நெல்லு பதராகும். வெள்ளி பின்னேரம் வாய்க்கால் தலையில் துருசுக் கதவைப் பூட்டிவிட்டால் அடுத்த முறை வர ஒன்பது நாள். இரண்டு ஏக்கரும் போய்விடும். றாஸிக் வாய்க்காலோடு நடந்தான். பெரிய றோட்டுக்குக் கீழே வாய்க்கால் நுழைகிற மதகுக்கு நூறு யார் தூரம் இருக்கும்போதே காற்று சொல்லிவிட்டது.

மதகின் வாய்க்குள் சாக்குகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி இறுகியிருந்தன. ஊதியிருந்தன. ஒரு சாக்கு வெடித்து, உள்ளே இருந்தது பச்சையும் சாம்பலுமாகத் தண்ணீரில் இழுபட்டது. அதன்மேல் ஈ. இந்தப் பக்கம் தேங்கிய தண்ணீரில் எண்ணெய்ப் படை. சுத்தம் ஈமானில் பாதி என்று பள்ளிச் சுவரிலும் ஆட்டோவின் பின்கண்ணாடியிலும் எழுதி வைத்திருக்கிற ஊர், மறுபாதியைக் கொண்டுவந்து வாய்க்காலில் கொட்டியிருந்தது.

கூலிக்கு இரண்டு பேரைக் கூப்பிட்டான். வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு றாஸிக்கே இறங்கினான். இடுப்பளவு தண்ணீர். கொக்கைத்தடியால் இழுக்கச் சாக்கு கிழிந்தது. கையால் பிடித்து இழுக்க வழுக்கியது. மூன்றாவது சாக்கில் சத்தியெடுத்தான். ஐந்தாவதிலும் எடுத்தான். பிறகு எடுக்க வயிற்றில் ஒன்றும் இருக்கவில்லை. வாயில் வந்ததையெல்லாம் சொல்லி ஏசினான். ஊரை ஏசினான், ஊரின் ஆட்டோக்களை ஏசினான், மூன்று தட்டு வீடு கட்டி வளவு முழுக்கச் சீமெந்து போட்டு, ஒரு முழம் மண் கூட மிச்சம் வைக்காத மனுசரை ஏசினான்.

ஒன்பது சாக்கு. கரையில் வரிசையாகப் போட்டுவிட்டு மூச்சு வாங்கும்போதுதான் அதைப் பார்த்தான். எல்லாம் நெல்லுச் சாக்கு. இந்தப் பகுதியில் மில்லுக்கு நெல் அனுப்புகிறவர்கள் ஆளுக்காள் மாறிப்போகாமல் இருக்கச் சாக்கில் தங்கள் பெயரைப் பெயிண்டால் எழுதிவிடுவார்கள். எழுதினவர்கள் அதே சாக்கில் குடலைக் கட்டி எறிந்திருக்கிறார்கள். களவெடுக்கப் போகிறவன் அடையாள அட்டையை வைத்துவிட்டு வருவானா? இவர்கள் வந்திருக்கிறார்கள்.

முதல் சாக்கில் பச்சைப் பெயிண்டில் "ஆ.பா." ஆதம்பாவா ஹாஜியார். அடுத்தது பள்ளி நிருவாகத்தில் இருப்பவர். அடுத்தது அமைப்பின் செயலாளர். றாஸிக்குக்கு ஒரு கேடுகெட்ட சந்தோசம் வந்தது. இனி இவர்கள் முகத்தில் எப்படி முழிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே ஏழாவது சாக்கைக் காலால் புரட்டினான். சிவப்பு வட்டம். வட்டத்துக்குள் "றா".

அவன் கையெழுத்து. போன போகத்தில் அவனே குந்தியிருந்து எழுதியது.

வாய்க்கால் வரம்பில் தன் காணிக்குள் குழி வெட்டிக் குடலையெல்லாம் புதைத்துவிட்டு வீட்டுக்கு வந்தான். கிணற்றடியில் நின்று ஒரு சவர்க்காரக் கட்டி கரையும்வரை குளித்தான். றஸ்னாவிடம் கத்தினான். அவள் அமைதியாகத் துவாயை நீட்டினாள்.

"நீங்கதானே கண்காணாத இடத்துல போடச் சென்ன. நீங்க விடிஞ்சா முதல்ல வாய்க்கால்ட வாலுக்குத்தானே போற. அவன் தலைப்பக்கம் போட்டிரிக்கான்."

எட்டு வருடமாக ஊரை ஏசி வந்தவனுக்கு முதல்தடவையாகத் தன் வாயே நாறியது.

ஹாஜியாருக்குத் தொலைபேசியில் சொன்னான். சாக்கின் பெயர்களைச் சொல்லவில்லை. குடல் அடைத்தது என்று மட்டும் சொன்னான்.

"தம்பி, கடைசிக் காணிக்காரர் தமிழாக்கள். மாட்டுக் குடல் எண்டா கதை வேற பக்கம் போயிரும். மரக்கொப்பு ஒண்டு வந்து அடைச்சதெண்டு செல்லுங்க. எதையும் பொசிட்டிவாக் கதைக்கணும்."

ஹாஜியார் சொன்னதில் நியாயம் ஒரு துளி இருந்தது. மிச்சம் முழுக்கப் பச்சைப் பெயிண்ட். அது றாஸிக்குக்குத் தெரியும். ஆனாலும் பின்னேரம் தண்ணீர் கடைசிக் காணியில் ஏறியபோது, வரம்பில் நின்ற அன்னப்பிள்ளை "என்ன மனே அடைச்சுக் கிடந்த?" என்று கேட்டாள். அவன் தண்ணீரைப் பார்த்தபடி, "மரக்கொப்பு அக்கா" என்றான்.

அவள் "ஓம்" என்றாள்.

மூன்று நாள் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. குடலின் நாற்றம் வெள்ளியோடு போய்விட்டது. மரக்கொப்பின் நாற்றம்தான் போகவில்லை. புதைக்கும்போது சாக்குகளை மட்டும் உருவியெடுத்து அலசிக் காயப்போட்டிருந்தான். வீடு வீடாகக் கொண்டுபோய் முகத்துக்கு நேரே நீட்டவேண்டும் என்பது அப்போதைய கோபம். கோபம் ஆறிய பிறகு, தன்னுடையதும் அதற்குள் இருக்க, எந்த வீட்டுக்குப் போவது? ஞாயிறு காலை செயலமர்வுக்குப் போகும்போது அவற்றைச் சுருட்டி மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டான். வருகிற வழியில் இரகசியமாக அந்தந்த வேலியில் எறிந்துவிட்டு வந்தால் போதும் என்று நினைத்தான்.

இரண்டாம் நாள் நிகழ்வில் ஒவ்வொரு அமைப்பும் ஒரு வெற்றிக் கதை சொல்லவேண்டுமாம். கடைசிக் காணிக்காரர் சார்பில் அன்னப்பிள்ளையும் வந்திருந்தாள். ஹாஜியார் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"நம்மட றாஸிக் தம்பி, மதகில ஒரு பெரிய மரக்கொப்பு வந்து அடைச்ச நேரம் பிரச்சினை எண்டு கதைக்கல்ல. வாய்ப்பாப் பார்த்தார். தனிய இறங்கினார். கடைசிக் காணிக்கும் தண்ணி போனது. இதுதான் நாம படிச்ச நேர்மனப்பாங்கு."

கைதட்டினார்கள். இந்த ஊரில் இரண்டு பேர் கூடினால் ஒருவருக்குப் பொன்னாடை விழும். அன்று அது றாஸிக்கின் தோளில் விழுந்தது. நைலோன் துணி, ஓரத்தில் மினுக்கு நூல், கழுத்தில் குத்தியது. பல பேர் தொலைபேசியில் படம் எடுத்தார்கள். பள்ளி நிருவாகத்துக்காரரும் எடுத்தார். செயலாளரும் எடுத்தார். மூன்றாவது வரிசையில் இருந்த அன்னப்பிள்ளையும் மெதுவாகக் கை தட்டினாள். அந்தக் கையைப் பார்த்ததும், மதகுக்குள் நின்றபோது வந்த அதே குமட்டல் அடிவயிற்றிலிருந்து எழும்பியது.

"ஒரு நிமிசம்" என்று சொல்லிவிட்டு வெளியே போனான். எல்லாரும் கழிப்பறைக்குப் போகிறான் என்று நினைத்தார்கள். சாக்குச் சுருளோடு திரும்பி வந்து, மேசையில் இருந்த பூச்சாடியை ஒதுக்கிவிட்டு அதை வைத்தான். ஒரு சாக்கை மட்டும் உருவி விரித்துப் பிடித்தான்.

"மரக்கொப்பு இல்ல. மாட்டுக் குடல். உழ்ஹிய்யாக் குடல். இந்தச் சாக்கு என்ட. றா எண்டு போட்டிரிக்கி பாருங்க. கண்காணாத இடத்துல போடு எண்டு நான்தான் சென்ன. மற்றது எட்டுச் சாக்கு இரிக்கி. ஆர்ட எண்டு நான் வாசிக்கமாட்டன். எழுதினவங்களுக்குத் தெரியும். எடுத்திட்டுப் போங்க."

கோட்டுப் போட்ட வளவாளர் கிட்ட வந்து மெல்லிய குரலில் கேட்டார்.

"ஐயா, இதக் கொஞ்சம் பொசிட்டிவா முடிக்கலாமா?"

"ஏலா தம்பி. நாறுது."

அன்னப்பிள்ளை எழும்பினாள். ஒலிவாங்கி இல்லாமலே அவள் குரல் எல்லாருக்கும் கேட்டது.

"தண்ணி வந்த அண்டே எனக்கு மணந்த மனே. எண்ணெய்ப் படையோட வந்த. கொப்பு மணக்காதெண்டு எனக்குத் தெரியாதா? மாடு எனக்குத் தெய்வம்தான். வயித்தெரிச்சல் இல்லயெண்டு சொல்லமாட்டன். ஆனா அத விட, நீ பொய் சொல்லிற்றயே எண்டுதான் மூண்டு நாளாப் படுக்க ஏலாமக் கிடந்த. எட்டு வருசமா நீ சொன்ன நேரத்துக்குத் தண்ணி வரும். நீ சொல்லிறது உண்மையெண்டு நினைச்சுத்தானே நான் இரவில நித்திரை கொள்ளிற."

அவள் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். றாஸிக் பொன்னாடையைக் கழற்றி மேசையில் வைத்தான்.

பிறகு நடந்ததுதான் அசிங்கத்திலும் அசிங்கம். நிகழ்வு முடிந்தது, சோற்றுப் பார்சல் வந்தது, ஒருவனும் மேசைப் பக்கம் போகவில்லை. மேசை வாசலுக்குக் கிட்ட இருந்தது. அந்த வழியால் போனால் சாக்கைப் பார்க்கப் போகிறான் என்று மற்றவன் நினைப்பானே. ஆகவே மிச்ச இருபத்தொன்பது தலைவர்களும் சமையலறைக்குள் நுழைந்து, பாத்திரம் கழுவுகிற இடத்தைத் தாண்டி, பின்கதவால் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். ஹாஜியார் முதல் ஆள். அந்த விசயத்தில் அவர் உண்மையாகவே தலைமை தாங்கினார்.

எட்டுச் சாக்கும் மேசையிலேயே கிடந்தன. மண்டபக் காவலாளி இரண்டு நாள் பார்த்துவிட்டுக் கொளுத்திவிட்டானாம்.

அடுத்த ஆரம்பக் கூட்டத்தில் றாஸிக்கை மாற்ற வேண்டும் என்று கதை வந்தது. மரியாதை தெரியாதவன், ஊர் மானத்தை வாங்கியவன் என்றார்கள். வேறு ஆளின் பெயரைச் சொல்லுங்கள் என்று கூட்டத்துக்கு வந்த நீர்ப்பாசன அதிகாரி கேட்டபோது யாரும் யாரையும் சொல்லவில்லை. மதகுக்குள் இறங்க வேண்டிவரும் என்று எல்லாருக்கும் தெரியும். மறுபடியும் அவனுக்கே கை உயர்ந்தது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அன்னப்பிள்ளை வந்திருந்தாள். அவளும் கையை உயர்த்தினாள், ஆனால் அவன் பக்கம் பார்க்கவில்லை. அன்றிலிருந்து அவள் தண்ணீர் வந்ததா இல்லையா என்பதற்கு மேல் அவனோடு ஒரு சொல் பேசவில்லை. அவன் சொன்ன நேரத்துக்கு முன்னரே வந்து வரம்பில் நின்று தன் கண்ணால் பார்த்துவிட்டுப் போவாள். அவனுடைய சொல்லை அவள் நம்பாமல் போனது அவனுக்குச் சாக்கை விட மோசமாக இருந்தது.

இந்த வருடப் பெருநாளுக்கு முந்திய நாள் றாஸிக் தன் வளவின் மூலையில் சீமெந்தை உடைத்துக் குழி வெட்டினான். றஸ்னா தலையில் அடித்துக்கொண்டாள். அறுத்து முடிந்ததும் ஏழு பங்குக் குடலையும் அவனே அள்ளிக் குழிக்குள் போட்டான். இரண்டு தரம் சத்தியெடுத்தான். சாஜித் மண் போட்டு மூடி முடிக்கும்வரை றாஸிக் மூக்கைப் பொத்திக்கொண்டு பக்கத்திலேயே நின்றான்.

மறுநாள் காலை வாய்க்காலில் தண்ணீர் மெலிந்திருந்தது. மதகுக்கு ஓடினான். போன வருடத்தைவிடக் கூடவா குறைவா என்று எண்ணுமளவுக்கு அவனுக்கு மனமிருக்கவில்லை. எல்லாம் கறுத்த பொலித்தீன் பை. இறுக்கிக் கட்டிய முடிச்சு. ஒன்றிலும் பெயர் இல்லை. ஒரு வருடத்தில் ஊர் படித்துக்கொண்டது அவ்வளவுதான்.

"தூ" என்று துப்பினான். அதே இடத்தில் நின்று அன்னப்பிள்ளைக்கு அழைத்தான்.

"அக்கா, தண்ணி நிக்கப் போகுது. குடல் வந்து அடைச்சிரிக்கி. எங்கட ஊர்க் குடல்தான். நான் இறங்கப் போறன். பின்னேரம் ஆகும், தண்ணி மணக்கும்."

மறுமுனையில் அன்னப்பிள்ளை யாரிடமோ அடுப்பைப் பார்க்கச் சொல்வது கேட்டது. பிறகு அவள் குரல் கிட்ட வந்தது.

"சரி மனே. நான் இண்டைக்கு வரம்புக்கு வரல்ல. நீ பாத்துக்கொள்."